கால் நொடி வித்தியாசம்

மே 3, சனி

சுப்பையா இன்று மட்டும் பதினான்கு முறை சுற்றினான்.

சுப்பையா எங்கள் வீட்டு ஹாலில் டி.வி.க்குக் கீழே குடியிருக்கும் பழைய கம்ப்யூட்டர். மாமா தன் பிரௌசிங் சென்டரை மூடியபோது எங்களிடம் வந்து சேர்ந்தது. அதற்கும் டி.வி.க்கும் கேபிளால் முடிச்சுப் போட்டு வைத்த புரோகிதர் நான்தான். அன்றிலிருந்து படம், பாட்டு, சீரியல் எல்லாம் அதில்தான் ஓடும். ஓடும் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு நிமிடம் நடக்கும். பிறகு அப்படியே நின்று, திரையின் நடுவில் ஒரு வெள்ளை வட்டம் சுற்றும். சுற்றுவதால் சுப்பையா.

இதுவரை யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. வட்டம் சுற்றும்போது அப்பா தண்ணீர் குடிப்பார். நான் அப்பாவின் தட்டிலிருந்து முறுக்கு எடுப்பேன். அந்த நல்ல காலம் இன்றோடு முடிந்தது. இந்த மாதம் சுப்பையா அம்மாவுக்கு வேண்டும்.

அம்மா பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினொரு வருடமாக ரத்தம் எடுக்கிறாள். தென்காசியில் பாதிப் பேர் அம்மாவைத் தெருவில் பார்த்தால் தங்களை அறியாமல் சட்டைக் கையை மடக்குவார்கள். அங்கே கிளைப் பொறுப்பாளர் அடுத்த மாதம் ஊர் மாறிப் போகிறார். அந்த நாற்காலி வேண்டுமென்றால் தலைமை அலுவலகம் அனுப்பிய இருபத்து நான்கு பாட வீடியோவையும் பார்த்துவிட்டு, மே 29 அன்று நேரில் வரும் மேடத்திடம் இருபது கேள்விக்கு வாயால் பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மதுரையிலிருந்து ஒரு தம்பி வருவானாம். மூன்றே வருட சர்வீஸ். அம்மா அவனை "சார்" என்று கூப்பிட வேண்டியிருக்கும்.

"ஃபோன்லயே பாக்க வேண்டியதுதானம்மா" என்றேன்.

"அதுல மூஞ்சி சின்னதா தெரியுது."

"மூஞ்சியா முக்கியம், பாடந்தான?"

"எனக்குப் பெருசா வேணும். நீ பெட்டியச் சரிபண்ணு உலகு. உருப்படியா ஒரு வேலை செஞ்சாப்ல இருக்கும்."

என் முழுப்பெயர் உலகம்மாள். உலகத்தையே சுருக்கிக் கூப்பிடுகிற வீடு இது.

மே 4, ஞாயிறு

முதல் குற்றவாளி, இணைய வலை. மற்ற வீட்டு வலையில் அங்கங்கே ஓட்டை இருக்கும். எங்கள் வீட்டு வலையில் ஓட்டை மட்டும்தான் இருக்கிறது. எனவே காலையில் தொடங்கி சாயங்காலம் வரை இருபத்து நான்கு வீடியோவையும் சுப்பையாவின் வயிற்றுக்குள் இறக்கிவிட்டேன். வட்டம் ஒழிந்தது.

ஆனால் படம் விக்குகிறது. பேசுகிறவர் கையைத் தூக்கினால் கை மூன்று தவணையில் மேலே போகிறது.

திருகாணிகளைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே மின்விசிறியில் கம்பளி நெய்யும் அளவுக்குத் தூசி. ஓரத்தில் இரண்டு பல்லி முட்டை.

"யப்பா, சுப்பையா முழுகாம இருக்கான்."

அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டார். "எத்தன மாசமாம்?"

அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். இஞ்சின் தவிர வேறு எதற்கும் பதற மாட்டார். தூசியை அவருடைய ஷேவிங் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பிரஷ்ஷைக் கழுவி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். நாளைக் காலை வரை இது ரகசியம்.

மே 5, திங்கள்

ரகசியம் காலை ஏழு மணிக்கு உடைந்தது. தண்டனையாகத் தண்ணீர்க் குடம் ஆறு.

பழிவாங்க ஒரு ஏற்பாடு செய்தேன். குக்கர் விசிலை ஃபோனில் பதிவு செய்து, அடுப்பே எரியாத நேரத்தில் சமையலறை ஜன்னலில் வைத்து ஓடவிட்டேன். அப்பா ஹாலில் இருந்தே மூன்று விசில் எண்ணிவிட்டு, அடுப்பை அணைக்க எழுந்து ஓடினார். ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளி நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா திரும்பக்கூட இல்லை.

மூன்று, நான்கு வருடமாக முயன்று பார்க்கிறேன். காலிங் பெல் சத்தம், பூனைச் சத்தம், பக்கத்து வீட்டு அத்தை குரல், எதற்கும் அம்மா மசிவதில்லை. வீட்டில் ஏமாறாத ஒரே ஆள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மே 6, செவ்வாய்

வீடியோவை விரிக்கும் வேலையை பிராசஸர் தலையிலிருந்து இறக்கி கிராபிக்ஸ் கார்டின் தலையில் கட்டினேன். விக்கல் நின்றது. படம் வெண்ணெய். அம்மாவை அழைத்து, மரியாதையாக நாற்காலி போட்டு, முதல் பாகத்தை ஓடவிட்டேன். நீலச் சேலை கட்டிய ஒரு டீச்சர் நேராக எங்களைப் பார்த்துத் தமிழில் பாடம் நடத்தினார்.

ஒரு நிமிடத்தில் அம்மா கை காட்டி நிறுத்தச் சொன்னாள்.

"சத்தம் பின்னால வருது."

நான் பார்த்தேன். அப்பா பார்த்தார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"ஒனக்கு எப்படிம்மா தெரியுது?"

"அவ வாயை மூடினதுக்கு அப்புறமும் பேசுதா. பேய் மாதிரி இருக்கு."

சந்தேகம் வந்தால் எனக்குத் தூக்கம் வராது. நான் கைதட்டுவதை ஃபோனில் எடுத்து, அதை சுப்பையாவில் ஓடவிட்டு, திரையை இன்னொரு ஃபோனில் எடுத்து, ஒவ்வொரு சட்டமாக, அதாவது ஃபிரேமாக, நகர்த்திப் பார்த்தேன். கைகள் சேர்ந்து ஆறு சட்டம் கழித்துத்தான் சத்தம் வருகிறது. நொடிக்கு இருபத்தைந்து சட்டம். ஆக, ஏறக்குறைய கால் நொடி.

ஒலிக்கும் ஒளிக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். எங்கள் வீட்டில் கால் நொடி வித்தியாசம். அதை அம்மா வெறும் கண்ணால் பிடித்துவிட்டாள். இது எப்படி சாத்தியம்?

மே 7, புதன்

குற்றவாளி, ஸ்பீக்கர். டிப்போவில் அப்பாவுக்குப் பரிசாகக் கொடுத்த புளூடூத் ஸ்பீக்கர். சத்தம் காற்றில் கிளம்பி, அங்கே போய், உடை மாற்றிக்கொண்டு வெளியே வரக் கால் நொடி ஆகிறது என்று டி.வி. ரிப்பேர் கடை ஆதம் அண்ணன் சொன்னார்.

"வயரு போட்டுரு. வயருல வந்தா நேரா வந்திரும். ஆனா இதையெல்லாம் யாரு பாக்கப்போறா?"

"எங்கம்மா பாக்கா."

"ஒங்கம்மாவுக்குக் கழுகுக் கண்ணு."

வயர் மாட்டினேன். மறுபடியும் கைதட்டிச் சோதித்தேன். வித்தியாசம் பூஜ்யம். அம்மா வேலைக்குப் போய் வந்து காப்பிகூடக் குடிக்காமல் உட்கார்ந்து ஐந்து பாகத்தைத் தொடர்ச்சியாகப் பார்த்தாள். மடியில் நோட்டு. கண் மட்டும் நீலச் சேலையை விட்டு அசையவில்லை. நோட்டைப் பார்க்காமலே எழுதியதால் வரிகள் மலைப்பாதையில் பஸ் போவதுபோல வளைந்து வளைந்து போயிருந்தன.

மே 9, வெள்ளி

ஒன்பது பாகம் முடிந்தது. நான் நோட்டைப் பிடுங்கிக் கேள்வி கேட்டேன். அம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். மதுரைத் தம்பி, நீ மதுரையிலேயே இரு.

ஆறரைக்கு மழையோடு கரண்ட் போனது. அப்பா ஃபோன் டார்ச்சைத் தன் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, "மெழுகுவர்த்தி எங்க இருக்கு?" என்று அம்மாவிடம் கேட்டார். மெழுகுவர்த்தியைத் தேடுகிறவர் அலமாரிப் பக்கம் வெளிச்சம் அடிப்பார். அப்பா தன் முகத்தில் அடிக்கிறார். நானும் ஒரு டார்ச்சை எடுத்து என் முகத்தில் அடித்துப் பேய்க்குரல் கொடுத்தேன். இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

மே 10, சனி

ஆபத்து. பத்தாம் பாகத்தில் நீலச் சேலை போய், வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டர் ஒருவர் வந்திருக்கிறார். அவர் பேச ஆரம்பித்ததும் அம்மா நிறுத்தச் சொன்னாள்.

"ஏட்டி, பழையபடி லேட்டாகுது."

"வயரு மாட்டியிருக்கும்மா."

"கழண்டிருக்கும், பாரு."

கழலவில்லை. கைதட்டுச் சோதனை செய்தேன். பூஜ்யம். நீலச் சேலையின் ஒன்பது பாகத்தையும் போட்டுப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. பத்து முதல் இருபத்து நான்கு வரை எல்லாவற்றிலும் வெள்ளைக் கோட்டுதான், எல்லாவற்றிலும் கோளாறு. பத்தொன்பது நாள் இருக்கிறது. பதினைந்து பாகம் இருக்கிறது.

மே 12, திங்கள்

இன்று என் பொறுமையைக் கின்னஸுக்கு அனுப்பலாம். ஒலியை முன்னால் தள்ளவும் பின்னால் இழுக்கவும் பிளேயரில் ஒரு வசதி உண்டு. அம்மாவை உட்காரவைத்து, நூறு மில்லிநொடி முன்னால் தள்ளினேன்.

"இப்போ?"

"இல்ல."

இருநூறு. "இப்போ?"

"இல்ல. இன்னும் மோசம்."

பின்னால் இழுத்தேன். மறுபடி முன்னால். முப்பத்தொரு முறை "இப்போ", முப்பத்தொரு "இல்ல". கண் டாக்டரிடம் கண்ணைப் பரிசோதிக்கும்போதுகூட நடுவில் ஒரு "ஆமா" வரும்.

கடைசியில் நான் திரைக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து அந்த டாக்டரின் வாயையே பார்த்தேன். "ரத்த மாதிரி" என்று குரல் சொல்கிறது. "ம" சொல்லும்போது உதடு ஒட்ட வேண்டுமே, அவருக்கு ஒட்டவில்லை. குரல் முடிந்த பிறகும் வாய் இரண்டு முறை திறந்து மூடுகிறது. அவர் பேசுவது தமிழே இல்லை. இந்தியாக இருக்கும். யாரோ சென்னையில் உட்கார்ந்து குரல் கொடுத்திருக்கிறார்கள்.

"யம்மா, இது லேட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது டப்பிங்கு."

அப்பா சிரித்துவிட்டார். "இதுக்கா மூணு நாளு? நான் அஞ்சு வருசமா அந்த ராசா சீரியலு பாக்கேன். அவன் வாய் எங்க போவுதுன்னு ஒரு நாளும் நான் பாத்ததில்ல."

"அதான. குரலக் கேட்டா போதும்லாம்மா? தமிழ்லதான சொல்லுதாவ."

அம்மா நோட்டை மூடினாள். "தலை வலிக்கு" என்று சொல்லி எழுந்து போனாள். அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு, சும்மா கிடந்த ரிமோட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

மே 13, செவ்வாய்

டப்பிங் படத்தில் யாராவது வாயைப் பார்ப்பார்களா?

மே 14, புதன்

அம்மா இன்று புதுப் பாகம் பார்க்கவில்லை. எட்டாம் பாகத்தையே திரும்பப் பார்த்தாள். நான் நாற்காலிக்குப் பின்னால் கீபோர்டோடு உட்கார்ந்திருந்தேன். கை அரித்தது. சத்தத்தை முழுவதும் நிறுத்திவிட்டேன். "ஏட்டி" என்று ஒரு அதட்டல் வரும், நான் முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் திட்டம்.

அதட்டல் வரவில்லை.

ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும். திரையில் நீலச் சேலை சத்தமில்லாமல் பேசுகிறார். அம்மா எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒரு நிமிடம் ஆனது. இரண்டு நிமிடம். நான் எட்டிப் பார்த்தேன். ஊசி குத்துவதற்கு முன் தோலை எத்தனை நொடி காயவிட வேண்டும், எந்த நிற மூடிக் குழாய் முதலில், எந்த நிறம் அடுத்தது, எல்லாம் நோட்டில் வரிசையாக இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் பாகத்தில், ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்த போலீஸ்காரர் ஒருவரைப் பற்றி டீச்சர் ஒரு வேடிக்கை சொல்வார். அந்த இடம் வந்தபோது அம்மா சரியாகச் சிரித்தாள்.

நான் சத்தத்தைத் திரும்ப வைத்தேன். அதற்கும் அவள் திரும்பவில்லை.

அம்மா என்னிடம் ஏமாந்த முதல் குறும்பு இதுதான். ஜெயித்த மாதிரி இல்லை.

மே 15, வியாழன்

காலையில் அம்மா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று சாதாரணக் குரலில், "யம்மா, நான் ப்ளஸ் ஒன்ல ஃபெயிலு" என்றேன். கிளிப் மாட்டுவது நிற்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். சட்டையை உதறினாள்.

நான் ஃபெயில் இல்லை. அதுவல்ல விஷயம்.

இந்த நோட்டின் முன்பக்கங்களைப் புரட்டினேன். குக்கர் விசில். பேயாகப் பேசும் டீச்சர். பெரிய மூஞ்சி. எல்லாம் நானே என் கையால் எழுதியிருக்கிறேன். எழுதினவளுக்கு மட்டும் வாசிக்கத் தெரியவில்லை.

மே 17, சனி

இரண்டு நாளாக ஒரு வேலை செய்தேன். பத்தாம் பாகத்தை ஓடவிட்டு, நிறுத்தி, டாக்டருடைய தமிழ்க்குரல் சொல்வதை வரி வரியாகத் தட்டச்சு செய்து, ஒவ்வொரு வரிக்கும் அது தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் போட்டு, படத்தின் அடியில் எழுத்தாக ஓடவிட்டேன். முதல் முறை எழுத்து பின்தங்கியது. காது கேட்டு, மூளைக்குப் போய், விரல் பொத்தானை அமுக்க அரை நொடி ஆகிவிடுகிறது. எனக்கும் புளூடூத் வியாதி. எல்லா வரியையும் மொத்தமாக அரை நொடி முன்னால் இழுத்துவிட்டேன்.

அம்மாவைக் கூப்பிட்டேன். கையைத் தொட்டுக் கூப்பிட்டேன்.

படம் ஓடியது. முதல் வரி வந்ததும் அம்மாவின் கண் டாக்டரின் வாயிலிருந்து கீழே இறங்கியது. இரண்டாவது வரி. மூன்றாவது வரி. நோட்டைத் திறந்தாள். பத்து நிமிடம் எழுதினாள். பாகம் முடிந்தது. திரை கறுத்த பிறகும் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பத் தெரிஞ்சுது?"

நான் அவளுக்கு நேராகப் போய் உட்கார்ந்தேன். "புதன்கிழம. சத்தத்த நிறுத்திப் பாத்தேன்."

"களவாணிப் பய மவளே" என்றாள். திட்டுகிற முகம் இல்லை அது. நோட்டை மூடிக்கொண்டே, "யாருகிட்டயும் சொல்லாத. உங்கப்பாகிட்டயும்" என்றாள்.

மே 18, ஞாயிறு

அப்பா டிப்போவுக்குப் போனதும் நானே கேட்டேன். எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

"ஒண்ணுமே கேக்காதாம்மா?"

"சத்தம் கேக்கும். சொல்லு கேக்காது. விசிலு மாதிரி கீச்சுச் சத்தம் அதுவும் கேக்காது; வாயோட ஒட்டாத சத்தம் வந்தாத்தான் உறுத்தும், இல்லைன்னா காதயே மறந்திருவேன். பக்கத்து வீட்டுல யாரோ பேசுதாப்ல இருக்கும். நாலு வருசமாவே அப்படித்தான். கூடிக்கிட்டே வருது."

"வாயப் பாத்தா எல்லாம் தெரியுமா?"

"எல்லாம் எப்படித் தெரியும்? 'பாட்டு'ம் 'மாட்டு'ம் வாயில ஒண்ணுபோலத்தான் இருக்கும். முன்ன பின்ன வார சொல்ல வச்சு ஊகிச்சுக்கிடுவேன். நீ வேகமாப் பேசுவ. உங்கப்பா மீசைய வெட்டினாத் தேவலை."

"லேப்புல எல்லாரும் மாஸ்க்குல்லாம்மா போடுதாவ. அங்க எப்படி?"

அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பூண்டுத் தோலை ஊதித் தள்ளினாள்.

"வாரவங்க எல்லாருகிட்டயும் பேர எழுதித் தரச் சொல்லுவேன். எழுதத் தெரியாதவங்கன்னா கூட வந்தவங்ககிட்ட. பதினொரு வருசத்துல ஒரு ரத்தம் பேரு மாறினதில்ல. காது கேக்குதவங்க மாத்திருக்காவ."

அம்மாவின் பெயர் குழல்வாய்மொழி. இவ்வளவு நாள் இந்தப் பெயரை வைத்து நான் செய்யாத கேலி இல்லை. இன்று ஒன்றும் வரவில்லை.

மே 21, புதன்

ஐந்து பாகத்துக்கு எழுத்துப் போட்டாகிவிட்டது. விரல்நுனி மரத்துப்போனது. "உறைதல்" என்ற சொல்லை இதுவரை எழுபத்திரண்டு முறை அடித்திருக்கிறேன்.

சலிப்பாக இருந்ததால் பதிமூன்றாம் பாகத்தின் நடுவில் நானாக ஒரு வரி சேர்த்தேன். டாக்டர் மிகவும் கம்பீரமாக ஒரு குழாயைத் தூக்கிக் காட்டும்போது அடியில், "இதை நான் காலையில் காப்பி என்று நினைத்துக் குடித்துவிட்டேன்" என்று வரும். அம்மா அதைப் படித்துவிட்டு நோட்டில் எழுதவே ஆரம்பித்துவிட்டாள். "இதை நான்" என்பது வரை போனாள். அப்புறம் பேனாவைப் போட்டுவிட்டுச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

சத்தத்தால் நான்கு வருடம் தோற்றேன். எழுத்தால் ஒரே நாளில் ஜெயித்தேன்.

மே 22, வியாழன்

அப்பா மீசையை ஒட்ட வெட்டியிருக்கிறார். வெயில் என்று காரணம் சொன்னார். வெளியே சாரல்.

நான் அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. அவரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லாமல் இருக்கிறோம் என்று தோன்றுகிறது.

மே 24, சனி

இருபத்து நான்கும் முடிந்தது. ஒத்திகைத் தேர்வு வைத்தேன். எதிரே உட்கார்ந்து இருபது கேள்வி கேட்டேன். பத்தொன்பது சரி.

"மதுரத் தம்பி அழுதுக்கிட்டே பஸ் ஏறுதான்" என்றேன்.

பிறகு ஒரு யோசனை வந்தது. வராமல் இருந்திருக்கலாம். அம்மாவின் பையிலிருந்து ஒரு மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டு, அதே இருபது கேள்வியை வரிசை மாற்றிக் கேட்டேன். பரிசோதனை நிலையத்துக்குள் மாஸ்க் கட்டாயம். வருகிற மேடம் போடாமலா இருப்பார்?

முதல் கேள்விக்கு அம்மா என் கண்ணைப் பார்த்தாள். புருவத்தைப் பார்த்தாள். மூன்றாம் கேள்விக்கான பதிலைச் சொன்னாள். இருபதில் நான்கு. அந்த நான்கும் குத்துமதிப்பு.

மாஸ்க்கைக் கழற்றினேன். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மே 25, ஞாயிறு

சண்டை.

"வந்த உடனே சொல்லிரும்மா. காது கேக்காது, மாஸ்க்க எடுத்துட்டுக் கேளுங்கன்னு. அவ்வளவுதான."

"அவ்வளவுதானா? சொன்னா பொறுப்புத் தர மாட்டாவ. அதுகூடப் பரவால்ல. ரத்தமே எடுக்க விடாம மூலையில உக்கார வச்சுருவாவ. பேரு மாறிரும்பாவ."

"ஒனக்குத்தான் மாறவே இல்லயே."

"அது எனக்குத் தெரியும். அவங்களுக்கு?"

"சொல்லலைன்னா இருபதுக்கு நாலு. அப்ப படிக்கலன்னு நெனைப்பாவ. ஒன்னயப் போயி படிக்காதவன்னு நெனைப்பாவ."

"நெனச்சுட்டுப் போறாவ. படிக்காதவன்னா வேல போவாது."

நான் மறுபடி வாயைத் திறந்தேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மாவிடம் பேச்சை நிறுத்த அது போதும் என்று இப்போதுதான் புரிகிறது.

மே 26, திங்கள்

பேசவில்லை.

மே 27, செவ்வாய்

பேசவில்லை. ஆனால் நேற்றும் இன்றும் அம்மா பதினேழாம் பாகத்தைப் பார்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். போகச் சொல்லவில்லை.

மே 28, புதன்

அம்மா கேட்டாள்: "நாளைக்கு ஒனக்கு வேல ஏதும் இருக்கா?"

"உலகத்துக்கு என்ன வேல. சும்மா சுத்திக்கிட்டுதான் இருக்கு."

"கூட வாரியா?"

மே 29, வியாழன்

பரிசோதனை நிலையத்தின் உள்ளறைக்குக் கண்ணாடிக் கதவு. என்னை வெளியே நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடமும் அம்மாவும். இந்தப் பக்கம் ஒரு சத்தமும் வராது. மேடம் நான் பயந்தபடியே மாஸ்க்கோடு இருந்தார். நீல மாஸ்க், வெள்ளைக் காகிதம், கறுப்புப் பேனா.

மேடம் காகிதத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். மாஸ்க் கொஞ்சம் அசைந்தது. முதல் கேள்வி. அம்மா அவர் கண்ணைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. மேடம் மறுபடி கேட்டார். மாஸ்க் மறுபடி அசைந்தது. அம்மாவின் கை மேஜைக்குக் கீழே சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தது. மேடம் பேனாவைக் காகிதத்துக்குக் கொண்டுபோனார். எதையோ எழுதப் போகிறார். பூஜ்யமாகத்தான் இருக்கும்.

அப்போது அம்மா பேசினாள்.

என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்காது. நான் எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் அவள் வாயையே பார்த்தேன். பதினாறு வருடமாகப் பார்க்கிற வாய். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. மூன்றாவதோ நான்காவதோ வாக்கியத்தில் "காது" என்றது மாதிரி இருந்தது. அதுவும் நான் எதிர்பார்த்ததால் தெரிந்திருக்கலாம். இதை அம்மா நாள் முழுக்கச் செய்கிறாள். எல்லாரிடமும். நான்கு வருடமாக.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு ஒரு காதிலிருந்து மாஸ்க்கின் நாடாவை எடுத்தார், மறு காதிலிருந்தும் எடுத்தார், மடித்து மேஜையில் வைத்தார். அம்மா ஜன்னலைக் காட்டி ஏதோ சொன்னாள். மேடம் நாற்காலியை இழுத்துக்கொண்டு வெளிச்சம் முகத்தில் விழுகிற இடத்துக்கு நகர்ந்தார். நோயாளி டாக்டருக்குக் கட்டுப்படுவது மாதிரி.

அப்புறம் கேள்விகள். பேனா காகிதத்தில் சின்னதாகச் சாய்வதை எண்ணினேன். பதினேழு டிக், மூன்று பெருக்கல் குறி. இருபதும் முடிந்த பிறகு மேடம் காகிதத்தைத் தள்ளி வைத்துவிட்டு இன்னொன்று கேட்டார். அம்மா வெளியே வந்து கவுண்டரில் இருந்த ஒரு கட்டை எடுத்துப் போனாள். வந்தவர்கள் எழுதிக் கொடுத்த பெயர்ச்சீட்டுகள், நூலில் கோத்தவை. மேடம் ஒவ்வொன்றாகப் புரட்டினார். சிலதைத் தன் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டார்.

முதலில் மேடம்தான் வெளியே வந்தார். மாஸ்க் திரும்ப முகத்தில் இருந்தது. அம்மா உள்ளே சீட்டுகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள், முதுகு எங்கள் பக்கம். மேடம் என்னைப் பார்த்து நின்றார். பேசுவதற்கு முன் மாஸ்க்கைக் கீழே இறக்கினார். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். அதை நான் சொல்லவில்லை.

"மகளா?"

"ஆமா மேடம்."

"பேர் எழுதி வாங்கற இந்தப் பழக்கத்தை எல்லாக் கிளையிலும் கொண்டுவரணும்னு எழுதப் போறேன். அம்மாவை ஒரு காது டெஸ்ட் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்க. மெஷினுக்கு ஏற்பாடு பண்ணலாம்." மாஸ்க்கை மேலே ஏற்றப் போனவர், நிறுத்திக்கொண்டார். "திங்கக்கிழமை கிளைச் சாவி வாங்கிக்கணும். அதையும் நீங்களே சொல்லிடுங்க."

அவர் படியிறங்கிப் போனார். நான் கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போய், அம்மாவின் தோளைத் தொட்டேன். திரும்பினாள். நான் ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழும்படி நின்றுகொண்டேன். வெளியே ஆட்கள் இருந்தார்கள். சத்தமே போடாமல், வாயை மட்டும் அசைத்து, மெதுவாகச் சொன்னேன். திங்கக்கிழமை. சாவி. ஒனக்கு.

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது எனக்கும் தெரிந்தது. முகத்தில் அப்படியே இருந்தது.

ஆனாலும் கையிலிருந்த சீட்டுக்கட்டைக் கீழே வைத்துவிட்டு, என் தாடையை இரண்டு விரலால் பிடித்து, என் முகத்தை வெளிச்சத்துக்கு இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.